ஆயிரங்கள் செலவழித்தும் முடி ஏன் நேராகவில்லை? தப்பு தண்ணீரிலா, எண்ணெயிலா, க்ரீமிலா?

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு ஔந்த் பரிஹார் சௌக் பக்கம் ஒரு சலூனில் உட்காருகிறீர்கள். எழுந்திருக்கும்போது மணி 4. கண்ணாடியில் தெரிவது ஷாம்பூ விளம்பரத்தில் வரும் முடி. மூன்று நாள் தலைக்குத் தண்ணீர் படக்கூடாது, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கக்கூடாது, ரப்பர் பேண்ட் போடக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறீர்கள். வியாழக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஹிஞ்சவடிக்கு கேப் ஏறுகிறீர்கள். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் நெற்றியோரத்திலும் பின்கழுத்திலும் பழைய சுருள் திரும்பி வந்துவிட்டது.

சலூனுக்கு போன் போட்டால் பதில்கள் தயாராக இருக்கும். "பானி கா ப்ராப்ளம் ஹை, மேடம்." அல்லது, உங்க முடி ரொம்ப ஸ்ட்ராங். அல்லது, எண்ணெய் வெச்சீங்களா? கடைசியில் ஒரு சலுகையும் கிடைக்கும்: அடுத்த வாரம் வாங்க, ஃப்ரீயா இன்னொரு ரவுண்டு போட்டுத் தர்றோம்.

அந்த இரண்டாவது ரவுண்டுக்குப் போகலாமா, வேண்டாமா? இதைத் தீர்மானிக்க, முதல் ரவுண்டு எங்கே சறுக்கியது என்று தெரிய வேண்டும்.

முதலில், உங்கள் தலையில் போட்டது என்ன?

ரேட் கார்டில் ஸ்ட்ரெய்ட்டனிங், ஸ்மூத்தனிங், ரீபாண்டிங், கெரட்டின், போடாக்ஸ், நானோபிளாஸ்டியா என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். இவை பெரும்பாலும் மார்க்கெட்டிங் பெயர்கள். ரசாயனமாகப் பார்த்தால் மூன்று குடும்பங்கள்தான்.

ஒன்று, ஹைட்ராக்சைடு குடும்பம். அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் 'ரிலாக்ஸர்' என்றால் பெரும்பாலும் இதுதான். சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, அல்லது அதன் உறவினர்கள். இரண்டு, தையோகிளைக்கோலேட் குடும்பம். நம் ஊர் ரீபாண்டிங், ஸ்மூத்தனிங் பெரும்பாலும் இந்த வகை. க்ரீமைத் திறந்ததும் அழுகிய முட்டை போல ஒரு நாற்றம் வருமே, அது இதன் கந்தகம். மூன்று, கெரட்டின் வகையறா. ஃபார்மால்டிஹைட் வெளியிடும் பொருட்களோ, அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் ஆசிட்டோ இதில் இருக்கும்.

முதல் இரண்டும் முடியின் உள்கட்டமைப்பை உடைத்து மாற்றுபவை. மூன்றாவது, சுருளைத் தணித்துப் பளபளப்பு தருவது. சில மாதங்களில் அது தானாகவே போய்விடும், போக வேண்டியதுதான். "ஸ்ட்ரெய்ட்டனிங் தோல்வி" என்று வரும் புலம்பல்களில் ஒரு பகுதி உண்மையில் தோல்வியே இல்லை. கெரட்டின் போட்டுவிட்டு ரீபாண்டிங்கின் பலனை எதிர்பார்த்ததுதான் கோளாறு. அதை விற்றவர் தெளிவாகச் சொல்லாதது வேறு கதை.

க்ரீம் முடியை நேராக்குவதில்லை

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. முடி என்பது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளை இரண்டு முக்கியமான பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு வலுவற்றது, தண்ணீர் பட்டாலே அவிழும், காய்ந்தால் மீண்டும் கட்டிக்கொள்ளும். வீட்டில் அயர்ன் செய்து நேராக்கிய முடி வியர்த்ததும் சுருள்வது இதனால்தான். மற்றொன்று டைசல்ஃபைடு பிணைப்பு. இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் பாலம் இது. தண்ணீருக்கும் சாதாரணச் சூட்டுக்கும் அசையாது. உங்கள் சுருளின் நிரந்தர வடிவத்தைக் காப்பது இந்தப் பாலங்கள்.

தையோகிளைக்கோலேட் க்ரீம் இந்தப் பாலங்களில் ஒரு பகுதியைத் திறந்துவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. நேராகவும் ஆக்காது, சுருட்டவும் செய்யாது. இதே ரசாயனத்தைப் போட்டு, முடியை ரோலரில் சுற்றினால் அது 'பெர்ம்', அதாவது நேரான முடியைச் சுருட்டும் வைத்தியம். பாலங்கள் திறந்திருக்கும் நேரத்தில் முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதுதான் புது வடிவம். ரீபாண்டிங்கில் அந்த வடிவத்தைத் தருவது அயர்ன். பிறகு நியூட்ரலைசர் என்ற இரண்டாவது க்ரீம், பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு, பாலங்களைப் புதிய இடத்தில் பூட்டுகிறது.

ஆக, திறப்பது, வடிவம் கொடுப்பது, பூட்டுவது என்று மூன்று வேலைகள். மூன்றில் எது அரைகுறையானாலும் முடி பழைய வடிவத்தை நோக்கித் திரும்பும்.

பல சலூன்களில் கோட்டை விடும் இடம் மூன்றாவது என்பது என் கணிப்பு. ஐந்து மணி நேர வேலையின் கடைசி அரை மணி அது. உங்களுக்கும் பசி, ஸ்டைலிஸ்டுக்கும் பசி, அடுத்த கஸ்டமர் வாசலில். நியூட்ரலைசரை மேலோட்டமாகத் தடவி, நேரம் முடியும் முன்பே அலசிவிட்டால், திறந்த பாலங்களில் ஒரு பகுதி பூட்டப்படாமலேயே நிற்கும். முடி பார்க்க நேராகத்தான் இருக்கும், ஏனென்றால் அயர்ன் செய்த ஹைட்ரஜன் பிணைப்புகள் அதைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. மூன்று நாள் கழித்து முதல் தலைக்குளியலில் அந்த வேஷம் கலைகிறது. முதல் குளியலிலேயே சுருள் திரும்பினால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது வேலையிலும் அவசரம் தெரியும். அயர்னுக்கு முடியை மெல்லிய பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். இரண்டு விரல் தடிமனுக்கு அள்ளி இழுத்தால் வெளிப்புற முடிக்கு மட்டுமே சூடு சேரும், நடுவில் உள்ளது தப்பித்துவிடும். தோளைத் தாண்டிய அடர்த்தியான முடியை "ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

பி.எச். கணக்கு

தையோகிளைக்கோலேட் க்ரீம்களின் பி.எச். அளவு சுமார் 9 முதல் 9.5. ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர்கள் 12 முதல் 14. பார்க்க நாலு எண் வித்தியாசம்தான். ஆனால் இது மடக்கை அளவு, ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. 9.2-க்கும் 13-க்கும் இடையில் காரத்தன்மை ஆறாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசப்படும்.

அதனால் இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. தையோ பாலத்தைத் திறந்து மூடுகிறது. ஹைட்ராக்சைடோ பாலத்திலிருந்து ஒரு கந்தக அணுவையே பிடுங்கி எறிந்துவிடுகிறது. மிஞ்சுவது லாந்தியோனின் என்ற வேறு வகைப் பிணைப்பு. அதை எந்த நியூட்ரலைசரும் பழையபடி ஆக்க முடியாது. எனவே ஹைட்ராக்சைடு போட்ட முடியில் பின்னால் தையோ போட்டால், திறக்கப் போதுமான பாலங்களே அங்கே இருக்காது. முடி நேராகாது, உடையும். தையோ போட்ட முடியில் ஹைட்ராக்சைடு போட்டாலும் உடைசல்தான். வெளிநாட்டில் ஒரு முறை 'ரிலாக்ஸர்' செய்துகொண்டு, ஊர் திரும்பி இங்கே ரீபாண்டிங்குக்கு உட்காருபவர்கள் இதைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து.

ரிலாக்ஸர் பிறந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லண்டில் தையல் மெஷின் ரிப்பேர் செய்துவந்த கேரட் மோர்கன் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர், ஊசி சூடாகாமல் இருக்க ஒரு திரவம் தயாரித்தாராம். அதைத் துடைத்த துணியின் சுருள் இழைகள் நேராகிவிட்டதைப் பார்த்து, பக்கத்து வீட்டு நாய் மீது சோதித்துப் பார்த்தாராம். 1913-ல் முடிக்கான க்ரீம் விற்கும் கம்பெனியையே தொடங்கினார். 1923-ல் டிராஃபிக் சிக்னல் ஒன்றுக்கும் காப்புரிமை வாங்கியவர் இவர். யுனிவர்சிட்டி சர்க்கிள் நெரிசலில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

தையோ பக்கம் திரும்பினால், உங்களுக்கு அது ஏற்கெனவே பழக்கமான பொருள். கை, கால் முடியை அகற்றும் க்ரீம்களிலும் இருப்பது இதே குடும்பம்தான். அங்கே பி.எச். 12 வரை ஏற்றப்படுவதால் ஐந்து பத்து நிமிடத்தில் முடி கரைந்து வழித்தெடுக்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. நேராவதற்கும் கரைவதற்கும் நடுவில் நிற்பது செறிவு, காரத்தன்மை, நேரம் மட்டுமே. ஐரோப்பிய யூனியன் விதிகள் ஸ்ட்ரெய்ட்டனிங் பொருட்களில் தையோகிளைக்கோலிக் ஆசிட்டை வீட்டு உபயோகத்துக்கு 8 சதவீதம், தொழில்முறை உபயோகத்துக்கு 11 சதவீதம் என்று கட்டுப்படுத்துவதும், பி.எச். 9.5-ஐத் தாண்டக்கூடாது என்பதும் இதற்காகத்தான்.

பயந்துபோன ஸ்டைலிஸ்ட் சீக்கிரம் அலசிவிடுவார், முடி நேராகாது. பயமே இல்லாதவர் அதிக நேரம் விடுவார், முடி பஞ்சாகும்.

ஒரே தலையில் மூன்று வயது

தலைமுடி மாதத்துக்குச் சராசரியாக 1 முதல் 1.25 செ.மீ. வளர்கிறது. உங்கள் முடி 45 செ.மீ. நீளம் என்றால் நுனியில் இருப்பது மூன்று வருடத்துக்கு மேல் வயதான முடி. கல்லூரிக் கடைசி வருடத்தில் அடித்த ஹைலைட்ஸ், அக்கா கல்யாணத்துக்குப் போட்ட கலர், லாக்டவுன் பழக்கத்தில் தொடர்ந்த மெஹந்தி, தினசரி அயர்ன் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். வேருக்குப் பக்கத்தில் உள்ள 5 செ.மீ. மட்டும் எதுவும் படாத புத்தம் புதுசு.

இந்த இரண்டுக்கும் ஒரே க்ரீமை, ஒரே நேரத்துக்குப் போட்டால் என்ன ஆகும்? ப்ளீச் பட்ட நுனியின் வெளிச்செதில்கள் ஏற்கெனவே திறந்து கிடக்கின்றன, ரசாயனம் விறுவிறுவென உள்ளே போகும். வேர்ப்பக்கத்தில் செதில்கள் இறுக்கமாக மூடியிருக்கும், மெதுவாகத்தான் போகும். நுனி வெந்துபோகும்போது வேர் இன்னும் பாதிகூட ஆகியிருக்காது. "மேல சுருள், கீழ துடைப்பம்" என்ற புகாரின் விளக்கம் இது. முன்பே ட்ரீட்மென்ட் செய்த பகுதியை விட்டுவிட்டு, புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் போடுவது இதனால்தான் முறை.

மூன்று நாலு மாதம் கழித்து வேரில் சுருள் தெரிந்தால் அது தோல்வி இல்லை. சுருளை உருவாக்குவது தோலுக்கு அடியில் இருக்கும் முடி வேர்ப்பையின் வளைவு. எந்த க்ரீமும் அங்கே போகாது. 'பர்மனென்ட்' என்று போர்டில் எழுதியிருப்பது ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட முடிக்கு மட்டும்தான்.

மெஹந்தி, எண்ணெய், தண்ணீர்

இந்த மூன்றில் மெஹந்தி நிஜமான குற்றவாளி. மருதாணியின் நிறப்பொருளான லாசோன் முடியின் மேலே ஒட்டி நிற்பதோடு விடுவதில்லை, கெரட்டினோடு வேதிப் பிணைப்பு போட்டுக்கொள்கிறது. பல அடுக்கு போட்ட முடியில் தையோ ஊடுருவுவது தாமதமாகிறது. இது சுத்தமான மருதாணி இலையின் கதை. பாக்கெட்டில் 'கருப்பு மெஹந்தி' என்று வரும் சில கலவைகளில் உலோக உப்புகள் இருந்தால் விஷயம் இன்னும் மோசம். நியூட்ரலைசரில் உள்ள பெராக்சைடு அவற்றோடு வினைபுரிந்து சூடேறும், முடி உடையும். பெராக்சைடும் சில துளி அம்மோனியாவும் கலந்த கிண்ணத்தில் உங்கள் முடி நாலு இழையைப் போட்டுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். சூடேறிக் குமிழி வந்தால் ட்ரீட்மென்டை நிறுத்த வேண்டும். சலூனில் "கலர் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்கும்போது, மருதாணி கலர் கணக்கில் வராது என்று நினைத்து "இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் அம்மா சொன்னதிலும் உண்மை உண்டு, ஸ்டைலிஸ்ட் சொல்வதிலும் உண்டு. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தத் திறன் இல்லை என்றும் 2003-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. செய்தவர்கள் மும்பை மாரிகோ நிறுவன ஆய்வாளர்கள். பாராசூட் விற்கும் கம்பெனி என்பதையும் சேர்த்தே படியுங்கள். ஆனால் மேலே படிந்திருக்கும் அதே எண்ணெய்ப் படலம், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட தையோ க்ரீமுக்குத் தடை. அதனால் ரீபாண்டிங்குக்கு முன் எண்ணெய்ப் பிசுக்கு போக அலசுவது அவசியம். ஹைட்ராக்சைடுக்கு இது அப்படியே தலைகீழ். அதற்கு முன் ஒன்றிரண்டு நாள் தலைக்குக் குளிக்கவே கூடாது என்பார்கள், தலைத்தோலில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் காரம் சுட்டுவிடும்.

தண்ணீர் மேல் பழி போடுவது ஔந்த், பாணேர் பக்கம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. டேங்கர் வரும் சொசைட்டி என்றால் கேட்கவே வேண்டாம். கடினத் தண்ணீரின் கால்சியம், மெக்னீசியம் முடியில் படியும், முடி சொரசொரப்பாகும், க்ரீம் சீராக இறங்காது. அதற்கென்று உப்பு நீக்கும் ஷாம்பூக்கள் இருக்கின்றன, ட்ரீட்மென்டுக்கு முன் ஒரு முறை போதும். ஆனால் போட்டு முடித்த ரீபாண்டிங்கைத் தண்ணீர் அவிழ்த்துவிடுமா? டைசல்ஃபைடு பாலங்களைக் குழாய்த் தண்ணீர் உடைக்காது. முடியின் வலிமை என்று பார்த்தாலும், கோவை பி.எஸ்.ஜி. மருத்துவமனை ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் கடினத் தண்ணீரில் நனைத்த முடிக்கும் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த முடிக்கும் இழுவலிமையிலும் நெகிழ்விலும் புள்ளியியல்ரீதியாகக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். 

புனேயின் மழைக்காலம் கொஞ்சம் குழப்பும். ஜூலை, ஆகஸ்டில் காலை நேர ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம், ஏப்ரல் பிற்பகலிலோ 30-க்கும் கீழே. ஈரக்காற்றில் முடி தண்ணீரை உறிஞ்சி உப்பும், ஹைட்ரஜன் பிணைப்புகள் இடம் மாறும். சரியாகச் செய்த ரீபாண்டிங்கிலும் கொஞ்சம் பறக்கும் முடி வரும். ஏப்ரலில் செய்த கெரட்டின் ஜூலையில் "ஃபெயில்" ஆவதற்கு இதுவும் சேர்ந்துகொள்கிறது.

ட்யூபையும் பாருங்கள். தையோ காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து வீரியம் இழக்கும். பெரிய டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பயன்படுத்தும் சலூனில் உங்கள் முறை கடைசியாக வந்திருந்தால், தப்பு உங்கள் முடியில் இல்லை.

சரி, அந்த ஃப்ரீ ரவுண்டு?

இங்கேதான் கவனம் தேவை. பிசிறிக்கொண்டு நிற்கும் முடி இரண்டு காரணத்தால் வரலாம். ரசாயனம் போதாமல் போயிருக்கலாம், அல்லது அதிகமாகிப்போயிருக்கலாம். கண்ணாடியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். ஒரு இழையை ஈரமாக்கி இரண்டு விரலுக்கு நடுவில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பினால் முடியில் இன்னும் உயிர் இருக்கிறது. சூயிங் கம் மாதிரி நீண்டு திரும்பாமல் நின்றால், அல்லது பட்டென்று அறுந்தால், ஏற்கெனவே அதிகமாகிவிட்டது. இரண்டாவது நிலையில் இன்னொரு ரவுண்டு போட்டால் முடி வேர்ப்பக்கமே முறியும். ஃப்ரீயாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அந்த ரவுண்டில் "இந்தத் தடவை கெரட்டின் போட்டுச் சரி பண்ணிடலாம்" என்று பொருளை மாற்றினால், கேள்வி முடியைத் தாண்டிச் சிறுநீரகத்துக்குப் போகிறது. 2024 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் பிரான்ஸ் மருத்துவர்கள் ஒரு 26 வயதுப் பெண்ணின் அனுபவத்தைப் பதிவு செய்தார்கள். 2020, 2021, 2022 என மூன்று முறை சலூனில் ஸ்ட்ரெய்ட்டனிங். மூன்று முறையும் பின்னாலேயே வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முதுகுவலி, சிறுநீரகப் பாதிப்பு. அந்த க்ரீமில் 10 சதவீதம் கிளையாக்சிலிக் ஆசிட் இருந்தது. எலிகளின் தோலில் அதைத் தடவிப் பார்த்தபோது சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உருவாயின. முந்தைய ஆண்டே இஸ்ரேலில் ஸ்ட்ரெய்ட்டனிங்குக்குப் பிறகு திடீர் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளான 26 பெண்களின் தொகுப்பு வெளியாகியிருந்தது.

கிளையாக்சிலிக் ஆசிட் வந்ததே ஃபார்மால்டிஹைடுக்கு மாற்றாக என்பதுதான் வேடிக்கை. ஃபார்மால்டிஹைட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். 2010-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 'ஃபார்மால்டிஹைட் ஃப்ரீ' என்று லேபிள் ஒட்டிய ஒரு ஸ்ட்ரெய்ட்டனிங் பொருளைப் பரிசோதித்தபோது அதில் ஃபார்மால்டிஹைட் இருந்தது. லேபிளின் முன்பக்கத்தை நம்பிப் பயனில்லை, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்.

2022 அக்டோபரில் வந்த 'சிஸ்டர் ஸ்டடி' பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 33,497 அமெரிக்கப் பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில் 378 கருப்பைப் புற்றுநோய்கள். 70 வயதுக்குள் அது வரும் வாய்ப்பு, ஸ்ட்ரெய்ட்டனிங் பொருட்களே பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. அங்கே 'அடிக்கடி' என்றால் ஆண்டுக்கு நாலு முறைக்கு மேல். ஆண்டுக்கு ஒரு முறை ரீபாண்டிங் செய்பவர் அந்த எண்ணைத் தன் மேல் அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் சரியாக வரவில்லை என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகிறவர் அந்த இடத்தை நோக்கி நடக்கிறார்.

எனவே அடுத்த முறை போனால், உட்காரும் முன் ட்யூபின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தையோகிளைக்கோலேட்டா, ஹைட்ராக்சைடா, கிளையாக்சிலிக் ஆசிட்டா என்று பாருங்கள். போன முறை போட்டது எது என்று ஸ்டைலிஸ்டிடம் சொல்லுங்கள். பின்கழுத்துப் பக்கம் ஒரு சின்னக் கற்றையை மட்டும் எடுத்து முழு முறையையும் செய்து, அலசி, காயவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகும். "அதெல்லாம் தேவையில்லை மேடம்" என்று சொன்னால் பில் போடுவதற்கு முன்பே எழுந்து வந்துவிடலாம். ட்ரீட்மென்ட் முடிந்த ஒன்றிரண்டு நாளில் வாந்தி, முதுகுவலி, சிறுநீர் குறைவது என்று ஏதாவது வந்தால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விடாமல் டாக்டரிடம் போய், தலையில் என்ன போட்டீர்கள் என்பதையும் அந்த போட்டோவையும் காட்டுங்கள். டாக்டராகக் கேட்க வாய்ப்பில்லை.